ட்வைலைட்டா, த ஹோஸ்டா?

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்து ஆங்கில நாவல் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள், ஸ்டெஃபனி மேயரின் எந்த நூலை முதலில் எடுப்பது என்று கேட்கிறார்கள்.

செலவு: 2005இல் வெளிவந்த ட்வைலைட் ஒரு தொடரின் தொடக்கம் என்பதால் அடுத்த பாகங்களையும் வாங்க நேரும், 2008இல் வந்த த ஹோஸ்ட் பருமனானதாயினும் தனி நூலாகவே நிறைவுறுகிறது.

எளிமை: முன்னதில் பாடசாலை மாணவியே கதை சொல்வதால் தடங்கலில்லை. பின்னதில் ஒரே உடலுக்குள் வேற்றுக்கோள் உயிரும் அவ்வுடலுக்கு உரியவளும் வாதாடுவதால் தொடக்கத்தில் பொறுமை வேண்டும்.

உள்ளடக்கம்: இதில் என் மனம் த ஹோஸ்ட் பக்கமே சாய்கிறது. அறிவியல் புனைவுக்கு வந்தும் மேயர் காதலைக் கைவிடவில்லை. ஆயினும் வேற்றுக்கோள் உயிர்களுக்குத் தப்பிக் குகைக்குள் ஒளிந்த மனிதர்கள் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பிப் பயிர் விளைவித்து, உணவைப் பங்கிட்டு வாழும் பகுதிகள், பதுங்குகுழி வாழ்வை அறிந்த வன்னி வாசகரை மிக நெருங்கித் தொடும்.

ஆங்கிலம் பழக விரும்புவோருக்கு ட்வைலைட் போதும். ஓரளவு வாசித்துப் பழகியவர்கள் த ஹோஸ்டையே எடுக்கட்டும்.