தானாக எழுதும் கை: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மன்னார்குடி அத்தான் போன வாரம் போனில் கேட்டார்: "நீ காலையில் தானாக எழுதுகிறாயே, அதில் அப்பா ஏதாவது சொல்வாரா?" அத்தானின் அப்பாவான என் மாமாவுக்குத் தலைத் திவசம்கூட இன்னும் ஆகவில்லை. போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செய்முறை தெரிந்ததுதான். ஒரு குயர் நோட்டு, நல்ல மைப்பேனா. மனத்தை எதிலாவது மேயவிட்டு, கையைத் தன்போக்கில் ஓடவிட வேண்டும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தி எழுத வேண்டியிருக்கும்; அழுத்தினால் கவனம் விரலுக்கு வந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் என் கை வரிசையாக நெல் பெயர்களை எழுதிக்கொண்டே போனது. குழியடிச்சான், குடவாழை, கருங்குறுவை, மாப்பிள்ளைச் சம்பா... உப்பு ஏறிய வயலுக்கு எது, நீர் நிற்கும் பள்ளத்துக்கு எது என்று அப்பாயி திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து சொன்ன அதே வரிசை. யாராவது நேரில் கேட்டிருந்தால் இரண்டு பெயருக்கு மேல் எனக்கு வந்திருக்காது. அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். வேறெதுவும் எனக்கு அதைத் தந்திருக்க முடியாது.

ஆனால் அந்த ஒரு வரி! "தண்ணீர் வரவில்லை."

எதில் தொடங்கினாலும் கை அங்கே போய் நிற்கிறது. பேத்தியின் பள்ளிக்கூடம், கும்பகோணத்துக் கல்யாணம், முட்டி வலி என்று எதுவானாலும் நாலு வரி தள்ளி அதுதான். 2022-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காத்திராமல் மே 24 அன்றே திறந்தார்கள். கடைமடையான எங்கள் வாய்க்காலிலும் நீர் ஓடியது. நான் மடை திறந்துவிட்டு வந்து, கால் சேறு காயுமுன் எழுத உட்கார்ந்தேன். "தண்ணீர் வரவில்லை" என்றே எழுதியது. எரிச்சலில் பேனாவை வீசிவிடலாம் போலிருந்தது.

இது என் கைக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1896-இல் ஹார்வர்டில் உளவியல் மாணவர்களான லியோன் சாலமன்ஸும் கெர்ட்ரூட் ஸ்டைனும் இப்படித் தானாக எழுதுவதைத் தங்களிடமே சோதித்து எழுதிய கட்டுரையில், ஒரு சொற்றொடர் பற்றிக்கொண்டால் அடுத்தடுத்த நாட்களிலும் விடாமல் திரும்ப வருவதைக் குறித்திருக்கிறார்கள். படித்ததும் பயம் போனது, எரிச்சல் போகவில்லை.

இப்படி எழுதுவது இறந்தவரின் ஆவி என்று சொல்பவர்களுக்கு ஜெனீவாக் கதை ஒன்று உண்டு. ஹெலன் ஸ்மித் என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெண், மயக்க நிலையில் செவ்வாய்க் கிரக மொழி என்று ஒன்றைப் பேசினார், எழுதினார். உளவியல் பேராசிரியர் தியோடோர் ஃப்ளூர்நுவா அதை வரி வரியாக ஆராய்ந்து 1900-இல் வெளியிட்டார். சொற்கள்தான் புதியவை, இலக்கணம் அந்தப் பெண்ணின் பிரெஞ்சு. உள்ளே போடாதது வெளியே வராது. அதோடு, நாம் எதிர்பார்ப்பது நமக்கே தெரியாமல் தசையை அசைக்கும் என்று ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852-இலேயே விளக்கிவிட்டார். அத்தான் மாமாவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் கை மாமாவின் பெயரை எழுதத்தான் செய்யும்.

அப்படியானால் அந்த வரி எனக்குள் எங்கிருந்து வந்தது? ஆடி மாதங்களில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் மண்வெட்டியைச் சாத்தியபடி என் அப்பா சொல்லும் வரி அது. எத்தனையோ அன்பாகப் பேசியவர். அதெல்லாம் நோட்டில் வரவே இல்லை. வேண்டிக்கொண்டு உட்கார்ந்தும் வரவில்லை.

எனவே அத்தான், நெல் வரிசைக்காக இந்தப் பழக்கத்தை எவ்வளவு புகழ்ந்தாலும், உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். குறிப்பாக இந்த வருடம் வேண்டாம். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் மாமா வலியில் சொன்னவை உங்கள் காதில் இன்னும் இருக்கின்றன. கை அதைப் பிடித்துக்கொண்டால் விடுவிக்க எனக்கு வழி தெரியாது. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள்.

நாற்று விலை கேட்டு மாமா எனக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று போனில் இருக்கிறது. நடுவில் உங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்கிறார். இன்று மாலை அனுப்பிவைக்கிறேன்.