கிட் காருக்கு எந்த இன்ஜின்: எம்எக்ஸ்-5, செடெக், ஹயபூசா

லோட்டஸ் செவன் என்ற பழைய, எடை குறைந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில், முன்னால் இன்ஜின், பின் சக்கர இழுவை என்று ஒரு கிட் காரை, அதாவது பாகங்களை வாங்கி நாமே சேர்க்கும் காரை, கட்ட இறங்குகிறவர்கள் முதலில் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு என்னென்ன வருகிறது என்று. கியர்பாக்ஸ் எது? பழைய காரில் இன்ஜின் நீளவாக்கில் இருந்ததா, குறுக்கே இருந்ததா? வயரிங்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் முழுசாகக் கிடைக்குமா? பாதியில் நின்றுபோகும் கார்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

மஸ்டா எம்எக்ஸ்-5-இல் இருந்து தொடங்குகிறேன். 1989-இல் வந்த முதல் தலைமுறை காரில் 1.6 லிட்டர் இன்ஜின், பிறகு 1.8. காரில் அது நீளவாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஐந்து கியர் பெட்டி, அதற்குப் பின்னால் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). ஒரே காரை வாங்கிப் பிரித்தால் இவை எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தியபடி கிடைத்துவிடும். 1.8-இல் சுமார் 130 குதிரைத்திறன்; செவன் மாதிரி எடை குறைந்த வண்டிக்கு அது தாராளம். இந்த முதல் தலைமுறை இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. பழைய இன்ஜினை நம்பி வாங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. ஆரம்ப கால 1.6-இல் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை பலவீனமானது. இன்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லி ஆடினால் வாங்க வேண்டாம். கேம் ஆங்கிள் சென்சார் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருப்பதால் டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்பில் இடிக்கலாம். அப்புறம், எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினிய உத்திரம் இணைக்கிறது. உங்கள் சேசிஸில் அதற்கு இடமில்லை என்றால் கியர்பாக்ஸுக்குத் தனி மவுன்ட் செய்தாக வேண்டும்.

ஃபோர்டு செடெக் உறுதியான இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக், 16 வால்வு, எத்தனை அடித்தாலும் தாங்கும். ஆனால் அது முன் சக்கர இழுவைக் காரில் குறுக்கே படுத்திருந்த இன்ஜின். நீளவாக்கில் திருப்பியதும் வேலை ஆரம்பமாகிறது. ஹெட்டின் ஃபிளைவீல் (கியர்பாக்ஸ்) பக்கம் இருக்கும் தெர்மோஸ்டாட் கூடு பின் தடுப்பில் போய் முட்டும், அதை மாற்ற வேண்டும். இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். ஃபோர்டு சியரா காரின் டைப் 9 கியர்பாக்ஸை மாட்டுவதாக இருந்தால், அதன் உள்ளீட்டு ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்க கிராங்க் முனையில் ஒரு சின்ன பேரிங் வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான். டைப் 9-இன் முதல் கியர் விகிதம் 3.65. எடை குறைந்த காரில் அது கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும்.

ஃபோர்டின் அலுமினிய பிளாக் கொண்ட டுராடெக் 2.0 செடெக்கைவிட எடை குறைவு, பெல்ட்டுக்குப் பதில் செயின். 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் இன்ஜினும் இதே குடும்பம்தான். அதனால் அந்த மஸ்டாவின் கியர்பாக்ஸ் டுராடெக்குக்குப் பொருந்தும். ஃபோர்டு இன்ஜின்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை இந்த ஜோடி.

இனி சுசுகியின் ஹயபூசா பைக் இன்ஜின். 1999-இல் 1299 சிசி, 2008 முதல் 1340 சிசி. முதல் தலைமுறையிலேயே சுமார் 175 குதிரைத்திறன், ஆறு கியரும் இன்ஜின் கூட்டுக்குள்ளேயே. இவ்வளவு குறைந்த எடைக்கு இவ்வளவு சக்தி தருவது மற்ற இன்ஜின்களால் ஆகாத காரியம். ஓட்டிப் பார்த்தவர்கள் ஏன் மயங்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் எண்ணெய் விஷயத்தைக் கவனியுங்கள். பைக் வளைவில் சாய்ந்து போகும். அதனால் எண்ணெய் சம்ப்பின் அடியிலேயே தங்கும். கார் சாயாது. நீண்ட வளைவில் எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சில நொடிகள் போதும், பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் போய்விடும். தடுப்புத் தகடு வைத்த சம்ப்போ, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்போ போடாமல் இதை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. ரிவர்ஸ் கியரும் கிடையாது. மின் மோட்டார் அல்லது தனி ரிவர்ஸ் பெட்டி சேர்க்க வேண்டும். முறுக்குவிசை சுமார் 138 நியூட்டன் மீட்டர், அதுவும் 7000 ஆர்பிஎம் பக்கத்தில். எம்எக்ஸ்-5-இன் 1.8 சுமார் 150 கொடுக்கிறது, அதுவும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே. நெரிசலில் நின்று நின்று போகும்போது பைக் கிளட்ச் படும் பாடு இதனால்தான்.

டிராக்குக்கு மட்டும் என்றால் ஹயபூசா. ரோட்டில் ஓட்ட, அதுவும் முதல் முறையாகக் கட்டுகிறீர்கள் என்றால், யோசிக்காமல் எம்எக்ஸ்-5 1.8. வெல்டிங்கும் லேத் வேலையும் கைவந்தவர்களுக்கு டுராடெக். செடெக் ஏற்கெனவே கையில் இருந்தால் தவிர அதைத் தேடிப் போக மாட்டேன். எதுவானாலும் உங்கள் ஊர்ப் பதிவு விதிகள் இன்ஜினின் வயதையும் புகை அளவையும் பற்றி என்ன சொல்கின்றன என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. பிரிக்கும் முன் இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வயர் முனைக்கும் சீட்டு கட்டுங்கள், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத அமைப்பு) இருந்தால் சாவியையும் அதன் பெட்டியையும் இசியூவோடு சேர்த்தே எடுங்கள். பிறகு இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேசிஸில் இறக்கி, ஸ்டீயரிங் ஷாஃப்ட் எக்ஸாஸ்ட்டை உரசாமல் போகிறதா, பானட் மூடுகிறதா, சம்ப்புக்கும் தரைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மவுன்ட்டுகளை வெல்ட் செய்யுங்கள்.