கீப்பாவின் பச்சைக் கோடு: பழைய புத்தக வியாபாரியின் மதிப்புரை

அமேசான் பொருட்களின் விலையும் விற்பனைத் தரவரிசையும் மாறிவந்ததை வரைபடமாகக் காட்டும் இணையக் கருவி கீப்பா (Keepa). அமேசானில் பழைய புத்தகங்கள் விற்கும் எனக்கு அதில் முக்கியமானது விலை வரலாறு அல்ல, விற்பனைத் தரவரிசையைக் காட்டும் பச்சைக் கோடு. சந்தா கட்டினால்தான் அதைப் பார்க்க முடியும். மனமுவந்து கட்டுகிறேன்.

தரவரிசையில் எண் சிறியதாக இருந்தால் விற்பனை அதிகம் என்று பொருள். ஆனால் பொருளின் பக்கத்தில் தெரியும் எண் அந்த நேரத்து நிலவரம் மட்டுமே. ஒன்பது லட்சத்தில் கிடக்கும் ஓர் இலக்கண நூல், ஒரே ஒரு பிரதி விற்றதும் சில மணி நேரத்தில் இரண்டு லட்சத்துக்கு வந்துவிடும். அப்போது பார்ப்பவர், நன்றாக ஓடும் சரக்கு என்று நம்பிப் பத்துப் பிரதிகளை வாங்கி அடுக்கிவிடுவார். அதன்பின் யாரும் சீண்டாமல் எண் மறுபடி ஏறிக்கொண்டே போகும்.

கீப்பாவில் இது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. விற்பனை நடந்த இடத்தில் கோடு செங்குத்தாக விழுகிறது, விற்காத நாட்களில் சாய்வாக ஏறுகிறது. பார்ப்பதற்கு ரம்பத்தின் பற்கள்தான். மூன்று மாதத்தில் இரண்டே பற்கள் என்றால், இன்றைய எண் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அந்த நூலை வாங்கமாட்டேன். பற்கள் நெருக்கமாக இருந்தால் எண் சுமாராக இருந்தாலும் வாங்குவேன். 30, 90, 180 நாள் சராசரிகளும் கிடைக்கின்றன. நான் நம்புவது 90 நாள் சராசரியை. பாடநூல்களுக்கு, கல்வியாண்டு தொடங்கும் மாதத்தின் 30 நாள் சராசரி ஆளைக் கவிழ்த்துவிடும்.

நம் விற்பனை குறையாமலே எண் ஏறுவதும் உண்டு. மற்ற நூல்கள் வேகமாக விற்றால் நம்முடையது பின்தங்கும், அவ்வளவுதான். பண்டிகைக் காலத்தில் இதைக் கண்டு பதறி விலையைக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆர்டர்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தால் விலையில் கை வைக்காதீர்கள்.

வேகமாக விற்கும் பொருட்களுக்குப் பற்களை எண்ணிப் பயனில்லை. ஒரே இறக்கத்துக்குள் பல விற்பனைகள் அடங்கிவிடும். பல நிறங்களில், அளவுகளில் வரும் பொருட்களுக்குப் பெரும்பாலும் ஒரே தரவரிசைதான். எந்த நிறம் ஓடுகிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது. ஒரு பிரிவின் எண்ணை இன்னொரு பிரிவோடு ஒப்பிடவும் கூடாது: புத்தகங்களில் ஐம்பதாயிரம் நல்ல இடம், சிறிய பிரிவில் அதே எண் மந்தம்.

சொந்தமாகத் தயாரித்த ஓரிரு பொருட்களை மட்டும் விற்பவருக்கு இந்தச் சந்தா தேவையில்லை, தன் ஆர்டர் பட்டியலே போதும். பிறர் சரக்கை வாங்கி விற்பவர் ஒரு மாதமாவது கட்டிப் பார்க்கலாம். முதலில் கையிருப்பில் தேங்கிக் கிடக்கும் நூல்களின் கோடுகளைத் திறந்து பாருங்கள்.