அக்ரீட்டா அறுவை சிகிச்சை: சிமுலேஷனில் கற்பதா, அறுவை அரங்கில் கற்பதா?

நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் ஊடுருவி ஒட்டிக்கொள்ளும் அக்ரீட்டா, முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அதிகம் வருகிறது. இதற்கான அறுவை சிகிச்சையை இளம் மருத்துவர்கள் எங்கே கற்பது?

சிமுலேஷனில், அதாவது பொம்மை உடலை வைத்துச் செய்யும் ஒத்திகையில், தவறு செய்யலாம், திரும்பவும் செய்து பார்க்கலாம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் பாய்கிறது. கொட்டத் தொடங்கினால் யோசிக்க நேரமிருக்காது. ரத்தம் கேட்டு ஓடுவது யார், உடலின் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவை அழுத்துவது யார் என்று மயக்க மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் கைப்பக்குவம் வேறு விஷயம். பழைய தழும்போடு ஒட்டிய சிறுநீர்ப்பையைப் புடைத்த ரத்தக்குழாய்களுக்கு நடுவே மெல்லப் பிரித்து இறக்குவதையும், கர்ப்பப்பைத் தமனிக்குக் கீழே ஓடும் யூரிட்டரை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை) அடையாளம் காண்பதையும் ரப்பரில் செய்த பொம்மை உடல் முழுசாகக் கற்றுத் தராது. அனுபவசாலிக்கு எதிரே நின்று உதவினால்தான் வரும். சிக்கல் என்னவென்றால், இந்த நோயாளிகள் அரிது. சிறிய மருத்துவமனைக்கு எப்போதாவதுதான் வருவார்கள்.

என்னைக் கேட்டால், இந்த நோயாளிகள் அதிகம் வரும் பெரிய மருத்துவ மையத்தில் சில மாதங்கள் உதவியாளராக நிற்பதே முதல் தேர்வு. அது வாய்க்காதவர்கள் ஒன்றையாவது சிமுலேஷனில் பழகியே ஆக வேண்டும்: எதிர்பாராமல் அக்ரீட்டா தெரிந்து, ரத்தப்போக்கும் இல்லையென்றால், நஞ்சுக்கொடியை இழுக்காமல் வயிற்றை மூடி மையத்துக்கு அனுப்புவது.