எஸ்24 அல்ட்ரா: இவ்வளவு பைசா குடுத்து வாங்கலாமா?

எங்க சித்தி மவன் போன வாரம் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க வச்சிருக்க மாதிரி பெரிய போனு வாங்கலாம்னு இருக்கேன், குடுக்குற பைசாக்கு கொள்ளாமா"ன்னு கேட்டான். அவனுக்கு சொன்னத அப்படியே இங்கயும் எழுதுறேன், நான் வாங்கும்போது இத சொல்லித்தர ஒரு ஆளு இல்ல.

சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா, 256 ஜிபி. 2024 பிப்ரவரியில நாகர்கோவில்ல ஒரு கடையில 1,29,999 ரூவாக்கு எடுத்தேன், 24 மாச இஎம்ஐ. அதுக்கு முன்னாடி இருந்தது 18,000 ரூவா போனு. எனக்கு ஏத்தங்கா சிப்ஸ் வியாவாரம், ஆர்டர் எல்லாம் வாட்ஸப்ல தான். சிப்ஸ் போட்டோ எடுக்க மட்டும்னா சத்தியமா இது வேண்டாம், வாசல்ல வெளிச்சத்துல வச்சு எடுத்தா 25,000 ரூவா போன்லயே அந்த மஞ்ச கலர் நல்லா விழும்.

வித்தியாசம் தெரியுறது தூரத்துல தான். கன்னியாகுமரி கரையில நின்னு வள்ளுவர் சிலைய ரெண்டு போன்லயும் எடுத்து பாத்தேன், 133 அடி சிலை, ஆனா நடுவுல கடலு கெடக்குல்லா, பழைய போன்ல இழுத்து பாத்தா வலது கை கட்டை மாதிரி தான் தெரியுது, இதுல அஞ்சு மடங்கு கிட்ட இழுத்து காட்டுற 5எக்ஸ் லென்ஸ்ல அறம் பொருள் இன்பம்னு தூக்கி காட்டுற மூணு வெரலும் தனித்தனியா நிக்குது. அந்த போட்டோவ பிரேம் போட்டு கடையில மாட்டிட்டேன். 100எக்ஸ் நெலாவுக்கு சரி, மனுசன் மொகத்துக்கு ஆவாது.

ஸ்கிரீனும் அருமை. கண்ணாடியில வெளிச்சம் திருப்பி அடிக்கிறது ரொம்ப கொறவு, முட்டம் பாறையில உச்சி வெயில்ல எங்கப்பா கைய வச்சு மறைக்காம மெசேஜ் வாசிச்சாரு.

ஆனா கடல் பக்கம் இருக்கவங்க இத கவனிங்க. கடையில வித்த பையன் "கடல்லயே போடலாம்ணே"ன்னான். அது தப்பு. போனு எவ்வளவு தண்ணி தாங்கும்னு சொல்லுற அளவு தான் ஐபி68, இந்த போனுக்கு அதுக்கு அர்த்தம் நல்ல தண்ணியில ஒண்ணரை மீட்டர் ஆழத்துல 30 நிமிசம், அவ்வளவு தான், உப்புத் தண்ணி அந்த கணக்குல வராது, உள்ள தண்ணி எறங்கிட்டா வாரண்டியும் கெடையாது. முட்டத்துல ஒரு அலை அடிச்சு போனு குளிச்சிட்டு, சார்ஜ் போட்டா ஈரம் இருக்குன்னு காட்டுது, ஏறல. நல்ல தண்ணியில கழுவி ராத்திரி முழுக்க ஃபேனுக்கு கீழ வச்ச பெறவு தான் ஏறிச்சு. அன்னைக்கு நான் ஒறங்கவே இல்ல.

232 கிராம் கனம், சாரத்து மடியில சொருகவே முடியாது. சார்ஜர் பெட்டியில வராது, தனியா வாங்கணும்.

இனி பைசா கணக்கு. ஏழு வருசம் அப்டேட் உண்டுன்னு கம்பெனி சொல்லியிருக்கு, அதாவது 2031 வர. அதுவர வச்சா வருசத்துக்கு 18,571 ரூவா, மூணு வருசத்துல மாத்துனா 43,333. நடுவுல பேட்டரி ஒரு தடவ மாத்த வேண்டி வரும், அதையும் சேத்துக்கிடுங்க. எனக்கு வயிறு எரியுறது வேற விசயத்துல, 2025 செப்டம்பர் சேல்ல இதே போனு 80,000க்கு கீழ வந்துட்டு, எனக்கு அப்ப அஞ்சு மாச இஎம்ஐ பாக்கி.

அதனால தம்பிகிட்ட சொன்னேன், புதுசா எறங்குன ஒடனே ஓடாத மக்கா, ஒரு ஓணம், ஒரு தீவாளி கழியட்டும், பெறவு எடு, எடுத்தா அஞ்சாறு வருசம் மாத்தாதன்னு. அவன் இப்போதைக்கு பழைய போனுக்கு பேட்டரி மாத்த மார்த்தாண்டம் போயிருக்கான்.