மழைநீர் வடிகாலா, ஏரி மீட்பா?

சென்னையில் வடிகால் வேலை சட்டென்று நகரும். தெரு மாநகராட்சியுடையது, நீளத்தை அளந்து எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றினால் பில் பாஸாகிவிடும். சிக்கல் வடிகாலின் கொள்ளளவில்: பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டியது இன்றைய ஒரே நாள் கொட்டலுக்குப் போதாது. வடிகால் போய்ச் சேரும் ஆற்றின் மட்டம் உயர்ந்தால் தண்ணீர் தெருவுக்கே திரும்பும்.

ஏரி மீட்பு வெள்ளத்தையும் தாங்கும், கோடைக்கும் உதவும். ஆனால் பெரிய ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம். ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை, கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம். 2022இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வனத்துறையும் சேரும். கோப்பு இவர்களைச் சுற்றி வருவதற்குள் நிதியாண்டு முடியும் மார்ச் 31 வந்துவிடும், செலவாகாத ஒதுக்கீடு போய்விடும்.

இருந்தும் ஏரிக்கே முதலிடம் தரலாம். எல்லைக்கல், வரத்துக்கால் (நீர் வரும் வழி), கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), மதகு (நீரைத் திறந்துவிடும் வாய்) என்ற வரிசையில் சரிசெய்துவிட்டு ஆழப்படுத்துங்கள். டெண்டர்களோ பெரும்பாலும் தோண்டுவதில்தான் தொடங்குகின்றன. மண்ணை அளப்பது எளிது அல்லவா!