சோனி 200-600 லென்ஸ்: புலி பார்க்கப் போகிறவர்களுக்கு

சோனி எஃப்இ 200-600 மி.மீ. எஃப் 5.6-6.3 ஜி ஓஎஸ்எஸ் லென்ஸை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 600 (மி.மீ. குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்) என்ற எண்ணுக்காகத்தான் வாங்குகிறார்கள். புலிக் காட்டில் வைத்துப் புழங்கும்போது அதைவிட அதன் ஜூம் வளையம்தான் அதிகம் கைகொடுக்கிறது. 2019 ஜூனில் இது 1,998 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. அதோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட 600 எஃப் 4 ஜிஎம் லென்ஸின் விலை 12,998 டாலர். ஆறரை மடங்கு வித்தியாசம் எங்கே தெரிகிறது, எங்கே தெரிவதில்லை என்பதைப் புலியை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த ஜூம். 200-இலிருந்து 600-க்குத் திருப்பினாலும் லென்ஸின் நீளம் மாறாது; எப்போதும் 31.8 செ.மீ. தான். கண்ணாடிகள் உள்ளேயே நகர்கின்றன. இதனால் மூன்று லாபம். பீன் பேக்கின் (லென்ஸுக்கு முட்டுக்கொடுக்கும் தானியப் பை) மேல் வைத்த லென்ஸ் ஜூம் செய்யும்போது முன்பக்கம் சாய்வதில்லை. குழாய் நீண்டு சுருங்கும் லென்ஸ்களைப் போல அது புழுதிக் காற்றை உள்ளே இழுப்பதில்லை. மூன்றாவது, வளையத்தைக் கால் சுற்றுகூடத் திருப்ப வேண்டியதில்லை, 200 போய் 600 வந்துவிடும். விரல் ஒன்றே போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கடமான் குரல் கொடுக்கிறது, சஃபாரி வண்டியான ஜிப்ஸி நிற்கிறது, மூங்கில் புதரில் எங்கோ அசைவு. 600-இல் வைத்துக்கொண்டு கேமராவின் வியூஃபைண்டரில் புலியைத் தேடினால் இலைதான் தெரியும். அந்தக் குவியத்தில் 30 மீட்டர் தொலைவில் படச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) வருவது 1.8 மீட்டர் அகலம் மட்டுமே. அதனால் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் 250 - 300-இல் வைத்துக் காத்திருங்கள். புலி வெளிவந்ததும் முதலில் அதைச் சட்டத்துக்குள் பிடித்து ஃபோகஸ் பூட்டிவிட்டு, அப்புறம் ஒரே திருப்பில் 600-க்குப் போங்கள். வளையம் நீளமாகத் திரும்ப வேண்டிய லென்ஸ்களில் இதே வேலைக்குக் கையை இரண்டு முறை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் புலி சாலையைக் கடந்திருக்கும்.

தொலைவுக் கணக்கை மனத்தில் வைத்திருப்பது நல்லது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில், 600-இல் சட்டத்தின் அகலம் தொலைவில் நூற்றுக்கு ஆறு பங்கு. 50 மீட்டரில் 3 மீட்டர், 100 மீட்டரில் 6 மீட்டர். 200-இல் இதைப் போல மூன்று மடங்கு. மூக்கிலிருந்து வால் நுனிவரை புலி இரண்டரை மூன்று மீட்டர் வரும் என்பதால், பக்கவாட்டில் நடக்கும் புலி முழுசாக விழ 25 மீட்டர் தொலைவில் 300-க்கு மேல் போகக் கூடாது. வாலை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிறவர்கள் மிகப் பலர். புலியோ வாலை உயர்த்திக்கொண்டு நடக்கும். மேலேயும் இடம் விடுங்கள்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் சுற்றுலா விதிகள் வண்டிக்கும் விலங்குக்கும் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. அந்தத் தொலைவில் 200 மி.மீ. 3.6 மீட்டர் அகலம் தரும், போதும். ஆனால் புலி விதி படிப்பதில்லை. நின்ற வண்டியை நோக்கி அதுவாகவே எட்டு மீட்டர் வரை நடந்து வருவதும் உண்டு. அப்போது இந்த லென்ஸின் 200 மி.மீ. பெரிய தொல்லை: ஒன்றரை மீட்டர் அகலம்கூடக் கிடைக்காது, முகம் மட்டும்தான். குறைந்தபட்ச ஃபோகஸ் தொலைவு 2.4 மீட்டர் என்பதால் ஃபோகஸ் கிடைக்கும், இடம் கிடைக்காது. இரண்டாவது கேமராவில் 70-200 இல்லாமல் இந்த லென்ஸை மட்டும் எடுத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 70-200 எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பின் எடை 1,045 கிராம்தான். இரண்டாவது கேமரா இல்லாவிட்டால் கைப்பேசியாவது தயாராக இருக்கட்டும், அதை அனுமதிக்கும் காடாக இருந்தால்.

நீண்ட குவியத்தின் நிஜமான பயன், வண்டியை 50 - 60 மீட்டரிலேயே நிறுத்திவிடலாம் என்பது. இதில் அழகியல் கணக்கும் இருக்கிறது. ஜிப்ஸியில் நின்றால் கேமரா தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். புலியின் கண் ஒரு மீட்டருக்கும் கீழே. 10 மீட்டரில் இருந்து எடுத்தால் குனிந்து பார்க்கும் படமாகிவிடும், பின்னணியெல்லாம் தரை. 50 மீட்டரில் அந்தச் சாய்வு ஒன்றரை பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. புலியை அதன் கண்மட்டத்தில் பார்ப்பது போலவே இருக்கும், பின்னால் காடு கரைந்து நிற்கும். ஓட்டுநரிடம் “இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கண்ணா” என்று கேட்கிறவர் தன் படத்தையும் கெடுத்துக்கொள்கிறார், புலியின் நடையையும் கெடுக்கிறார். சாலையில் எதிரே வரும் புலிக்கு வழி விட்டுத் தள்ளி நின்றால், அது தன் போக்கில் நடந்து வரும் இருபது முப்பது நொடிகள் முழுக்க நமக்குத்தான்.

இனி, பலவீனம். 300 மி.மீ.க்கு மேல் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பு, எஃப் 6.3 (எண் கூடினால் வெளிச்சம் குறையும்). காலையில் காட்டின் வாயில் திறந்த முதல் அரைமணியும் மாலை கடைசி அரைமணியும்தான் புலி அதிகம் நடமாடும் நேரம். வெளிச்சம் குறைந்த நேரமும் அதுதான். சூரியன் மரத்துக்கு மேல் வருவதற்கு முன், 1/500 ஷட்டர் வேகத்துக்கு இந்த லென்ஸில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 தேவைப்படும் இடத்தில் எஃப் 4 லென்ஸுக்கு 2500 போதும், எஃப் 2.8-க்கு 1250. பணம் அங்கேதான் போகிறது. லைட்ரூம் போன்ற படத் திருத்த மென்பொருள்களில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி 6400-ஐ இன்று எளிதாகக் காப்பாற்றிவிடுகிறது. 12800-இல் முகத்தின் மென்மயிர் பிளாஸ்டிக் பூசியது போல ஆகத் தொடங்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கப் பழகுங்கள். நடக்கும் புலிக்கு 1/500, ஓடும் புலிக்கு 1/2000. படுத்திருக்கும் புலிக்கு பீன் பேக்கும் ஓஎஸ்எஸ் (அதிர்வுத் தடுப்பு) முதல் நிலையும் இருந்தால் 1/125 தாராளம். பத்துப் படம் எடுத்தால் ஆறேழு கூர்மையாக இருக்கும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், வண்டியில் யாரும் அசையக் கூடாது. பெரும்பாலான கலங்கல் படங்களுக்குக் காரணம் கை நடுக்கத்தைவிட, பின்சீட்டில் எழுந்து நிற்கும் ஆள்.

ஒளியளவில் இன்னொரு சிக்கல். புலியின் கன்னமும் புருவமும் நல்ல வெள்ளை. நிழற்காட்டில் ஒரு கீற்று வெயில் அதில் விழுந்தால் வெளுத்துப் போய்விடும். ஒரு படியில் (ஸ்டாப்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஒளியளவைக் குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்வதே பாதுகாப்பு. கபினியில் கருஞ்சிறுத்தை தேடிப் போகிறவர்கள் இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அது தனி இனமல்ல, நிறமி மிகுந்த சிறுத்தைதான். பக்கவெளிச்சம் கிடைத்தால் கருமைக்குள் ரோஜா வட்டப் புள்ளிகள் எழுந்து வரும். அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருப்பது வீணாகாது.

ஃபோகஸ் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலங்குக் கண்ணை அறியும் வசதியுள்ள சோனி கேமராக்களில் சாலைப் புலியின் கண்ணை அது விடாமல் பிடிக்கிறது. புல்லுக்குள் புலி என்றால்தான் தகராறு: முன்னால் நிற்கும் ஒரு தாள் புல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. மூன்று வழி இருக்கிறது. ஃபோகஸ் பரப்பைச் சிறு புள்ளிக்கு மாற்றி கண்ணுக்கு நேரே வைப்பது ஒன்று. கண்ணில் ஃபோகஸ் கிடைத்த கணமே குழாயில் உள்ள மூன்று ஃபோகஸ் ஹோல்ட் பொத்தான்களில் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டால், புல் ஆடினாலும் ஃபோகஸ் நகராது. படுத்திருக்கும் புலிக்கு இதுவே சிறந்த வழி. மூன்றாவது, தொலைவுக் கட்டுப்பாட்டு விசையை 10 மீட்டருக்கு அப்பால் என்ற நிலையில் வைப்பது. வண்டிக் கம்பியும் அருகிலுள்ள புல்லும் தொந்தரவு செய்யாது. ஆனால் புலி அருகே வந்தால் அதே விசை உங்களைக் கைவிடும். “ஃபோகஸே வரவில்லை” என்ற புகார்களில் பல இந்த விசையை மறந்ததால் வருபவை.

20 மீட்டரில், 600-இல், எஃப் 6.3-இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 42 செ.மீ. எதிரே பார்க்கும் புலியின் மூக்கிலிருந்து காது வரை தாங்கும். அபர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. முழுத் திறப்பிலேயே நடுப்பகுதி நன்றாகக் கூர்மையாக இருக்கிறது.

கோடையில் இந்த லென்ஸ் கூர்மையாக இல்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். காரணம் கானல். ஏப்ரல், மே மாதங்களில் தடோபா புலிகள் காப்பகம் இருக்கும் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் பக்கம் வெயில் 45 பாகையைத் தொடும். காலை ஒன்பது மணிக்கு மேல் 80 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் 600-இல் எடுத்தால், தரையிலிருந்து எழும் சூடான காற்று படத்தை நெளியவைத்துவிடும். எந்த விலையுள்ள லென்ஸும் இதை வெல்லாது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரை 1.4 மடங்கு போட்டால் 840 மி.மீ. எஃப் 9, இரண்டு மடங்கு போட்டால் 1200 எஃப் 13. கானலும் அதே மடங்கில் பெருகும். புலிக்கு டெலிகன்வர்ட்டர் வேண்டாம் என்பதே என் முடிவு. 61 மெகாபிக்சல் ஏ7ஆர்5-இல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் ஏபிஎஸ்-சி வெட்டு நிலைக்கு மாறினால் 900 மி.மீ.க்கு ஈடான பார்வையும் 26 மெகாபிக்சலும் கிடைக்கிறது, வெளிச்சம் குறையாமல்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் குளிர்கால கன்ஹாவில் இதற்கு நேர்மாறு: சூடான வண்டியிலிருந்து குளிருக்குள் எடுத்த லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடுக்குள் வெப்பக் காற்று தங்கி, கானல் போன்ற கலங்கலை உண்டாக்கும். ஆறும்வரை ஹூடைக் கழற்றி வையுங்கள்.

எடை, ட்ரைபாட் பிடி இல்லாமல் 2,115 கிராம். ஜிப்ஸியில் ட்ரைபாட் வைக்க இடம் கிடையாது, பீன் பேக்தான் வழி. விமானத்தில் வெறும் பையாகக் கொண்டுபோய், இறங்கிய ஊரில் இரண்டு மூன்று கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வது எளிது. லென்ஸோடு வரும் பிடியில், ட்ரைபாட் தலையில் நேரே பூட்ட உதவும் ஆர்கா பள்ளம் வெட்டப்படவில்லை. தனியாகத் தகடோ மாற்றுப் பிடியோ வாங்கத்தான் வேண்டும். இந்த விலையில் அதைச் செய்யாமல் விட்டது நியாயமில்லை. 95 மி.மீ. ஃபில்டர் வளையத்தில் மலிவான யூவி ஃபில்டர் போடாதீர்கள், 600-இல் கூர்மை அப்பட்டமாகக் குறையும். காட்டுப் பாதையில் போகும்போது ஈரிழைத் துண்டு ஒன்றை மேலே போர்த்திவைத்தால் போதும். படிந்த புழுதியை முதலில் ஊதி அகற்றுங்கள், துடைத்தால் கீறும்.

முதுமலைக்கு இந்த லென்ஸ் ஏற்றதா என்று கேட்பவர்களுக்கு: தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் போகிறோம். ஹூடும் கேமராவும் சேர்ந்தால் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வரும் இந்தக் குழாயைப் பக்கத்து இருக்கைக்காரரை இடிக்காமல் ஜன்னல் பக்கம் திருப்புவதே பாடு. உண்ணிச்செடி மண்டிய அந்தக் காட்டில் பார்வைத் தூரமும் குறைவு. அங்கே 1,395 கிராம் எடையுள்ள 100-400 ஜிஎம் வசதி.

மற்ற மாற்றுகளில் சிக்மா 150-600 டிஜி டிஎன் கூர்மையில் சளைத்ததல்ல. ஆனால் குழாய் நீளும், பிற நிறுவன லென்ஸ் என்பதால் சோனி கேமராவில் தொடர் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும். 2025-இல் வந்த சோனி 400-800 பறவைக்காரர்களுக்கு உரியது; 400-இல் தொடங்கும் லென்ஸைப் புலிக்கு எடுத்துப் போவது வீண்வேலை.

படம் எடுப்பதோடு புலியை அடையாளம் காணவும் இந்த லென்ஸ் நன்றாக உதவும். ஒவ்வொரு புலியின் வரிகளும் தனி. அதே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றல்ல. விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமராப் பொறிகளைப் பாதையின் இருபுறமும் ஜோடியாக வைப்பது அதனால்தான். ராஜஸ்தானின் ரந்தம்போர்க் காட்டின் டி-16 புலிக்கு மச்லி என்று பெயர் வந்தது முகத்தில் மீன்போல இருந்த குறியால். எனவே முகப்படம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். புலி திரும்பும்போது 300-க்குக் குறைத்து, விலாப்பக்கம் முழுசும் விழும்படி 1/500-இல் இரண்டு படம். மறுபக்கம் காட்டினால் இன்னும் இரண்டு. நீர்நிலையில் என்றால் புலி பெரும்பாலும் பின்புறமாகத்தான் தண்ணீருக்குள் இறங்கும், முகம் கரையைப் பார்த்திருக்கும். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை அதை வைத்தே ஓட்டுநரோடு முன்கூட்டிப் பேசிக்கொள்ளலாம்.

பழைய லென்ஸாக வாங்குகிறவர்கள், காலை வெயில் ஏறுவதற்கு முன் 20 மீட்டர் தொலைவில் சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, 600-இல் எஃப் 6.3-இல் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அருகே ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மீண்டும் தாளுக்கு வாருங்கள். பத்தில் ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் கலங்கியும் இருந்தால், தாளுக்கு நேர் எதிரே நிற்கிறீர்களா என்று சரிபார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஜூம் வளையம் 200-இலிருந்து 600 வரை ஒரே வழுவழுப்பில் திரும்ப வேண்டும். நடுவில் மணல் அரைபடுவது போல நெருடினால் அது ஏற்கெனவே வளையத்துக்குள் நிறையப் புழுதி புகுந்த லென்ஸ்.